அக்கா நடந்து வந்த லாங் ஷாட்

மஞ்சள் காமாலை வந்து விடுதியிலிருந்து வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உங்களில் யாராவது இருந்தால் நான் சொல்வது சட்டென்று புரியும். உடம்பு சீக்கிரம் தேறிவிடும். வீட்டில்தான் நம்பமாட்டார்கள். எனக்கு ஆடியில் வந்த காமாலை ஆவணியிலேயே இறங்கிவிட்டது. கண் வெள்ளையாகிவிட்டது, பசிக்கவும் தொடங்கிவிட்டது. ஆனால் அப்பா, "இந்த வருசம் போகட்டும். உசுரு இருந்தா படிப்பு எங்க போயிரும்" என்று சொல்லிவிட்டார். ஆறாம் வகுப்பில் சேர்ந்த சூட்டோடு எனக்கு ஓராண்டு போயிற்று.

எங்கள் வீடு கொல்லிமலையில் வளப்பூர் நாட்டில், பஸ் நிற்கும் சாலையிலிருந்து இறங்கி நடக்க வேண்டிய ஒரு சரிவில் இருந்தது. ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டால் அடுத்த வீட்டுக்குக் குரல் கேட்கும், ஆள் தெரியாது. நடுவில் பலாவும் மிளகுக் கொடி ஏறிய மரங்களும் நிற்கும். என் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் கீழே விடுதிகளில் இருந்தார்கள். ஊரில் மிச்சமிருந்தவை கைக்குழந்தைகளும் ஆடுகளும்தான். காலையில் அப்பாவும் அம்மாவும் காட்டுக்குப் போவார்கள். அக்கா பால்வாடிக்குப் போவாள். அங்கே குழந்தைகளுக்குச் சமைத்துப் போடுகிற வேலை அவளுக்கு. அதற்கப்புறம் மழையும் நானும்தான். உப்பில்லாத கஞ்சி இருக்கும், கிண்ணத்தில் கீழாநெல்லிச் சாறு மூடி வைத்திருக்கும். மத்தியானம் மூடுபனி ஏறி வந்து முதலில் எதிர்ச் சரிவை மறைக்கும், பிறகு பலாமரத்தை, பிறகு வாசலை. நான் சத்தமாக வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பேன். படிப்பதற்காக அல்ல, ஏதாவது ஒரு குரல் கேட்கட்டும் என்று.

அந்தப் புரட்டாசியில்தான் சித்தப்பா கேமராவோடு வந்து இறங்கினார்.

சித்தப்பா நாமக்கல்லில் ஒரு வீடியோ கடையில் இருந்தார். கல்யாணங்களில் லைட் பிடிப்பது அவர் வேலை. முதலாளி புதுக் கேமரா வாங்கியதும் பழையதை இவர் வாங்கிக்கொண்டார். இனிமேல் மலையில் நடக்கிற கல்யாணம், காதுகுத்து எல்லாம் தன் கேமராவில்தான் என்று சொல்லிக்கொண்டே பெட்டியைத் திறந்தார். அந்தக் காலத்து வீடியோ கேமராவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தோளில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பிறந்து சில நாளான ஆட்டுக்குட்டியின் கனம் இருக்கும். கண்ணை வைக்கிற இடத்தில் கறுப்பு ரப்பர். யார் யாருடைய வியர்வையோ, பவுடரோ, கல்யாண வீட்டுச் சந்தனமோ எல்லாம் அந்த ரப்பரில் ஊறிப்போயிருந்தது. முதல் தடவை முகத்தை வைத்தபோது ஒரு கல்யாணக் கூட்டத்துக்குள் தலையை நுழைத்த மாதிரி இருந்தது எனக்கு.

புரட்டாசியில் யார் கல்யாணம் வைப்பார்கள்? சித்தப்பா அதை யோசிக்கவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டு சில நாள் இருந்துவிட்டு, லாரியில் கிளீனர் வேலை கிடைக்கிறது என்று கிளம்பிவிட்டார். போகும்போது என்னைக் கூப்பிட்டார்.

"சும்மாதான ஒக்காந்திருக்கற? பழகிக்க கண்ணு. கீழ மட்டும் போட்றாத."

"கேசட்டுங்க சித்தப்பா?"

"கேசட்டு எதுக்கு? அதெல்லாம் கல்யாணத்துக்கு. நீ சும்மா கண்ண வெச்சுப் பாரு."

பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. எழுத்தெல்லாம் இங்கிலீஷ். ஆனால் படங்கள் இருந்தன. முதல் படத்தில் ஒரு மனிதன் தூரத்தில் ஒரு மரத்தடியில் முழுதாக நிற்கிறான். அடுத்ததில் இடுப்புக்கு மேலே மட்டும் இருக்கிறான். மூன்றாவதில் முகம் மட்டும். சித்தப்பா ஒவ்வொன்றிலும் விரலை வைத்து, "லாங் ஷாட், மிட் ஷாட், குளோசப். அவ்வளவுதான் சினிமா" என்றார். அவர் சாலைக்கு ஏறிப் போவதையே முதல் லாங் ஷாட்டாகப் பார்த்தேன். தலை வெட்டுப்பட்டது. சரி செய்வதற்குள் பனிக்குள் போய்விட்டார்.

அந்தச் சின்னக் குழிக்குள் உலகம் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரியும். வெளியே கண்ணை எடுத்தால் அத்தனை பச்சை. உள்ளே வைத்தால் சாம்பல் நிறம். எனக்கு அந்தச் சாம்பல் நிறம் பிடித்திருந்தது. உரலின் மேல் சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் கேமராவை வைத்துக்கொள்வேன். எதிர்ச் சரிவில் நாற்று நடுகிறவர்கள் லாங் ஷாட். வேலிக்கு வந்து நிற்கிற ஆடு மிட் ஷாட். மிளகுக் கொத்தின் நுனியில் தொங்கும் மழைத்துளி குளோசப். முதலில் எல்லாம் ஆடியது. மூச்சை அடக்கிக்கொண்டால் ஆடாது என்று நானாகக் கண்டுபிடித்தேன். ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் திருப்பும்போது கையைத் திருப்பக் கூடாது, இடுப்பைத் திருப்ப வேண்டும் என்பதையும் கண்டுபிடித்தேன். ஈர வாசலில் குப்புறப் படுத்துக்கொண்டு கீழேயிருந்து பார்த்தால் கோழி யானை மாதிரி வந்தது. பரணில் ஏறிக்கொண்டு மேலேயிருந்து பார்த்தால் அப்பா சாப்பிடுவது ஒரு வழுக்கைத் தலையும் ஒரு கையுமாகத் தெரிந்தது. சிரிப்பு வந்தது. சிரித்தால் படம் ஆடும்.

உள்ளே கேசட் இல்லாததால் கொஞ்ச நேரத்தில் கேமரா தானாக அணைந்துவிடும். ஒரு சின்ன 'டக்' சத்தம், பிறகு இருட்டு. அதுவரை பார்த்தது எதுவும் எங்கும் பதியவில்லை. எடுத்ததைக் காட்டவும் முடியாது, காட்ட ஆளும் இல்லை. அன்றைக்கு எடுத்த ஷாட்டுகளை இரவில் படுத்துக்கொண்டு வரிசையாக நினைத்துப் பார்ப்பேன். நாற்று நட்டவர்கள், ஆடு, மழைத்துளி. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருக்கும். அந்த வயதில் அதற்குத் தனிமை என்று பெயர் இருப்பது எனக்குத் தெரியாது.

அம்மாவுக்கு வேறு கவலை. "ஏஞ் சாமி, ஒத்தக் கண்ண மூடிக்கிட்டே திரியற? காமாலை கண்ணுல ஏறிருச்சா?" என்று இமையை இழுத்து இழுத்துப் பார்ப்பாள். நாக்கை நீட்டச் சொல்வாள். ஒருநாள் கோயில் பூசாரியிடம் கூட்டிக்கொண்டு போய் வேப்பிலை அடித்துத் திருநீறு போட்டுக்கொண்டு வந்தாள். என்னிடம் யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் வியாதி என்று பூசாரிக்கும் தெரியவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

அக்காவுக்கு மட்டும் கேமரா விளையாட்டாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் ஒரே ஒரு பல்புதான், பிளக் கிடையாது. பேட்டரியை அக்கா காலையில் சோற்றுப் போசியோடு பைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போய், சாலையோர மாவு மில்லில் சார்ஜுக்குப் போட்டுவிட்டுப் போவாள். சாயங்காலம் வாங்கி வருவாள். மில்காரர் ஏதோ சொல்லிக் கேலி செய்வாராம். "எங்கூட்டுல சினிமா எடுக்கறோமுங்க" என்று சொல்லிவிட்டு வருவாளாம்.

அக்காவுக்கு இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பியிருந்தது. என்னைவிட ரொம்ப மூத்தவள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே அப்படித்தான் நடந்தாள். அதனால் அது எனக்கு ஒரு குறையாகப் பட்டதேயில்லை. அம்மாவின் மூக்குத்தி மாதிரி, அப்பாவின் இருமல் மாதிரி, அக்காவின் நடை. இடது தொடையில் கையை ஊன்றி ஓர் அழுத்து அழுத்துவாள். உடம்பு அந்தப் பக்கம் இறங்கும், உடனே மேலே எழும்பும். சமதரையைவிடக் கல்லுப் பாதையில்தான் வேகம்.

அவள்தான் என் நடிகை. பட்டாணி உரிக்கும்போது மிட் ஷாட், தலை வாரும்போது குளோசப். முகத்துக்குப் பக்கத்தில் கேமராவைக் கொண்டுபோனால் சிரிப்பை அடக்கமாட்டாள். "போதும் கண்ணு, மூக்கு பெருசாத் தெரியும்" என்று கையால் மறைத்துக்கொள்வாள். அந்தக் கை குளோசப் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. விரல்களில் மஞ்சள் கறை, குழிக்குள் அதுவும் சாம்பலாகத்தான் தெரிந்தது.

ஐப்பசி முடிகிற சமயத்தில் அத்தை மலை ஏறி வந்தாள். அப்பாவின் தங்கை. அடிவாரத்தில் வாழ்க்கைப்பட்டவள். அக்காவுக்கு ஒரு இடம் பார்த்திருந்தாள். மாப்பிள்ளை துபாயில் வெல்டிங் வேலை செய்கிறவர். ஏற்கனவே அக்காவின் போட்டோ ஒன்று போயிருந்தது, நெஞ்சுவரை மட்டும் தெரிகிற போட்டோ. மாப்பிள்ளைக்குப் பிடித்துவிட்டதாம். ஆனால் வர லீவு இல்லையாம். வீடியோ எடுத்து அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டாராம்.

அப்பா மெதுவாகக் கேட்டார். "ஏம் அம்மிணி, கால் சங்கதி சொல்லியாச்சா?"

"சொல்லுவாங்களா அண்ணா? தாலி ஏறட்டும். அப்பறம் எல்லாஞ் சரியாப் போயிரும். ஒக்கார வெச்சு எடுக்கச் சொல்லுங்க. சீலைய நல்லா எறக்கிக் கட்டுனா என்ன தெரியப்போவுது?"

அக்கா அடுப்படியில்தான் இருந்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் பேசுவது அந்தப் பக்கம் கேட்கும். ஊதாங்குழல் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது.

இன்று நினைத்தால் அத்தை மேல் கோபம் வருவதில்லை. அவள் கெட்டவள் இல்லை. அக்காவுக்கு நல்லது நடக்க வேண்டும் என்று பஸ்ஸிலும் கால்நடையாகவும் அத்தனை தூரம் அலைந்தவள் அவள்தான். மறைப்பதுதான் அன்பு என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள்.

சித்தப்பாவுக்கு ஆள் விட்டார்கள். புதுக் கேசட்டோடும் கேமரா வைக்கிற ஒரு ஸ்டாண்டோடும் வந்தார். அன்றைக்கு வெயில் அடித்தது. பால்வாடியிலிருந்து கை வைத்த நாற்காலி ஒன்றை அப்பா தலைமேல் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். அக்காவுக்கு அம்மாவின் கல்யாணப் பட்டு. நாற்காலியில் உட்கார வைத்து, கொசுவத்தைப் பரப்பிப் பாதம் தெரியாமல் அம்மா குனிந்து குனிந்து சரி செய்தாள். அத்தை, "பல்லு தெரியச் சிரி சாமி. தலையக் குனியாத. பூவ இப்பிடி முன்னால போடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

லைட் பிடித்த அளவுக்குச் சித்தப்பாவுக்குக் கேமரா பழக்கமில்லை என்பது எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கண்டபடி முன்னாலும் பின்னாலும் ஜூம் செய்தார். அக்காவின் முகம் பக்கத்தில் வந்து வந்து போயிருக்கும். ஒரு டம்ளரைக் கையில் கொடுத்துக் குடிக்கச் சொல்லி எடுத்தார். ஒரு ரோஜாவை முகரச் சொல்லி எடுத்தார். எல்லாம் மிட் ஷாட், குளோசப். புத்தகத்தின் முதல் படத்துக்கு அன்றைக்கு வேலையே இல்லை.

எடுத்து முடித்ததும் எல்லோரும் உள்ளே சாப்பிட உட்கார்ந்தார்கள். கேமரா ஸ்டாண்டில் வாசலிலேயே நின்றது. எனக்கு இன்னும் பத்தியம், அதனால் பந்தியில் இடமில்லை. அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து என்னிடம் வந்தாள்.

"கேசட்டுல இன்னும் எடம் இருக்குதா கண்ணு?"

பார்த்தேன். நிறைய இருந்தது.

"நான் கீழ பலாமரத்துகிட்டப் போறேன். கையத் தூக்கிக் காட்டுனா அமுக்கு. இங்க வந்து சேர்ற வரைக்கும் நிறுத்தாத."

பட்டுச் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பு வழியாக இறங்கிப் போனாள். நான் கேமராவைப் பலாமரத்துக்குத் திருப்பினேன். உள்ளிருந்து அத்தையின் பேச்சும் இலையில் சோறு விழும் சத்தமும் கேட்டன. தூரத்தில் அக்கா திரும்பி நின்று கையைத் தூக்கினாள்.

சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். உள்ளே சக்கரம் சுற்றுவது என் கன்னத்தில் அதிர்ந்தது. வெறுங்கேமராவில் எத்தனையோ தடவை அமுக்கியிருக்கிறேன், அப்படி அதிர்ந்ததில்லை. மூச்சை அடக்கிக்கொண்டேன்.

முதலில் மரத்தடியில் ஒரு சின்ன உருவம். இறங்கி எழும்பி, இறங்கி எழும்பி வரப்பில் வந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர் நின்ற வயல். ஜூம் செய்யலாமா என்று விரல் போயிற்று. வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். அவளே வந்துகொண்டிருந்தாள். கல்லுப் படிகளில் ஏறும்போது இடுப்பு தெரிந்தது, தொடையில் ஊன்றிய கை தெரிந்தது, கழுத்தில் ஒட்டிய முடி தெரிந்தது. கை இறங்க, தோள் எழும்ப, ஒரு நிமிடமும் நிற்காமல் வந்தாள். கடைசியில் முகம் மட்டும் இருந்தது. வியர்வை. திறந்த வாய். யாரும் சொல்லாமல் வந்த சிரிப்பு. அவள் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது.

"நிறுத்து" என்றாள்.

நிறுத்தினேன். சேலையை இறக்கிவிட்டுக்கொண்டு உள்ளே போய், அத்தைக்கு ரசம் ஊற்றினாள்.

எங்கள் வீட்டில் டிவியும் கிடையாது, டெக்கும் கிடையாது. யாரும் கேசட்டைப் போட்டுப் பார்க்கவில்லை. துபாய் போகிற ஒருவரிடம் அத்தை கொடுத்தனுப்பிவிட்டாள்.

மார்கழிப் பனியில் அத்தை மறுபடி வந்தாள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நொண்டி நொண்டி வர்றதப் பூராப் படம் புடிச்சு அனுப்பியிருக்கறீங்களே! எம் மொகத்துல எப்பிடிக் காறித் துப்பறாங்க தெரியுமா? யாரு எடுத்தது இத?"

அப்பா என்னைப் பார்த்தார். கேமராவில் கண்ணை வைத்துத் திரிந்தவள் வீட்டில் நான் ஒருத்திதான். அவர் கை ஓங்கியது. அக்கா நடுவில் வந்து நின்றாள்.

"அவள விடுங்கப்பா. நாந்தான் எடுக்கச் சொன்னேன்."

கை அப்படியே நின்றது. பிறகு இறங்கியது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "தன் தலையில தானே மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டா" என்று அத்தை திரும்பத் திரும்பச் சொன்னாள். மாப்பிள்ளையை ஏமாற்றக் கூடாது என்று அக்கா நேர்மையாக இருந்துவிட்டாள் என்று நான் நினைத்தேன். திமிர் என்று அப்பா நினைத்தார். கல்யாணத்துக்கு இஷ்டமில்லை போல என்று அம்மா நினைத்தாள். ஆளுக்கொன்று நினைத்துக்கொண்டோம். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

சித்தப்பா வந்து கேமராவை எடுத்துக்கொண்டு போனார். கீழே யாரிடமோ விற்றுவிட்டதாகக் கேள்வி. கேசட் திரும்பி வரவேயில்லை. அப்பா அக்காவிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். அக்கா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். நான் கையைக் குழலாகச் சுருட்டி அதன் வழியாகப் பார்ப்பேன். கேமராவுக்குள் இருந்த அமைதி அதில் வரவில்லை. நான்கு பேர் இருந்த வீட்டில் அந்தத் தை, மாசி முழுவதும் பாத்திரச் சத்தம்தான் கேட்டது. மழை நாட்களில் தனியாக இருந்ததைவிட அது மோசமாக இருந்தது. ஆனியில் என்னை மறுபடி விடுதிக்கு அனுப்பினார்கள். பஸ் ஏறும்போது சந்தோஷமாக இருந்தது என்பதை இப்போது சொல்ல எனக்கே வருத்தமாக இருக்கிறது.

சில ஆண்டுகள் கழித்து அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. எங்கள் மலையிலேயே திண்ணனூர் நாட்டுக்காரர். ஜீப் ஓட்டிக்கொண்டு பால்வாடி வழியாகப் போகிறவர், அவளைத் தினமும் பார்த்தவர். அவரிடம் யாரும் எதையும் மறைக்கவோ காட்டவோ வேண்டியிருக்கவில்லை. நான் படித்து, வேலைக்குப் போய், கீழேயே இருந்துவிட்டேன். கேமராவைத் தொழிலாக எடுத்துக்கொள்ளவில்லை. நம்மில் பலருக்கும் அப்படி விட்டுப்போனது ஏதாவது ஒன்று இருக்கும்.

இந்த வருடம் பொங்கலுக்கு மறுநாள் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். அவளுக்கு அறுபது ஆகிறது. இத்தனை காலம் உடம்பு முழுவதையும் தாங்கிய வலது முழங்காலும் போய்விட்டது. சக்கர நாற்காலியில்தான் இருக்கிறாள். அதிலேயே உருண்டு வந்து எனக்குக் காப்பி கொடுத்தாள். நான் போனை எடுத்து அவளை வீடியோ எடுத்தேன்.

"ஒக்காந்தாப்பலயே எத்தன தடவதான் எடுப்பீங்க எல்லாரும்?" என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் நான் போனைக் கீழே வைத்துவிட்டேன். நாற்பது வருடம் ஆகப்போகிறது; அப்போதுதான் கேட்டேன்.

"அன்னிக்கு ஏங்க்கா எடுக்கச் சொன்ன? அந்த மாப்பிள்ளைக்குத் தெரியணும்னா?"

அக்கா என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"அவனுக்கு எதுக்குத் தெரியோணும்? அவன நான் பாத்ததுகூட இல்ல. நான் எப்பிடி நடக்கறேன்னு ஊருக்கே தெரியும் கண்ணு. எனக்குத்தான் தெரியாது. எங்கூட்டுல ஆளுயரக் கண்ணாடியா இருந்துச்சு? கேசட்டு திரும்பி வந்ததும் மில்லுக்காரரு ஊட்டு டெக்குல போட்டு ஒருக்காப் பாத்துக்கலாம்னு நெனச்சேன். வரவேயில்ல."

அவள் காப்பி டம்ளரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அந்த வீடு முழுவதும் அவள் மேல் கோபமாக இருந்த மாதங்களில், அவள் அந்தக் கேசட்டுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நீ பாத்தீல்ல?" என்றாள். "எப்பிடி இருந்துச்சு?"

சொன்னேன். மரத்தடியில் சின்னதாகத் தெரிந்ததை, வரப்பின் இரண்டு பக்கமும் தண்ணீர் இருந்ததை, படியில் ஏறும்போது தோள் எழும்பியதை, எங்கும் நிற்காமல் வந்ததை.

"வேகமாவா வந்தேன்?"

"ரொம்ப வேகமா. நான் ஜூம் பண்ணவே இல்ல."

"நொண்டறது தெரிஞ்சுதா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "தெரிஞ்சுதுக்கா."

"அப்பறம்?"

"அப்பறம் உம் மொகம் வந்துருச்சு."

அக்கா தலையை ஆட்டினாள். டம்ளரின் விளிம்பைப் புறங்கையால் துடைத்தாள். "மொதல்ல இருந்து இன்னொருக்காச் சொல்லு" என்றாள்.